கூரைத் துணிக்குள் கிடந்தது

திராட்சைத் தோட்டத்து ஓரமாகவே கிடந்த என் பழைய பிக்கப் வண்டியில் உள்பக்கக் கூரைத் துணி தொய்ந்து தலையில் உரசியது. அதை மாற்றச் சின்னமனூரில் ஒரு சீட் கவர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒல்லியான ஆள். காதோரம் நரை, சட்டையெல்லாம் பசைக்கறை. துணியைப் பிரிக்கும் முன் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம் போலிருந்தது.

நான் டிரைவர் சீட்டிலேயே இருந்தேன்; பக்கத்து சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, தலைக்கு மேல் தொங்கிய இடத்தைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, சத்தம் போடாதீக. பிள்ளையத் தூக்கிட்டு அங்கிட்டு எறங்குங்க. உள்ள பாம்பு கெடக்கு."

அவர் விரல்களுக்கு மேல் துணி நெளிந்தது. மகளை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு என் பக்கமாக இறங்கினேன். நாங்கள் ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவர் இரண்டு கைகளாலும் துணியைத் தாங்கிக்கொண்டே நின்றார். பிறகு கையை உதறிவிட்டுப் பின்னால் பாய்ந்தார். துணியின் ஓரம் பிய்ந்து, மகள் படுத்திருந்த இடத்திலேயே நல்லபாம்பு விழுந்தது. படமெடுத்துச் சீறிவிட்டு, திறந்த கதவு வழியாக இறங்கிப் புதருக்குள் போய்விட்டது.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பவே விட்டுட்டு ஓடியிருக்கலாமேண்ணே?" என்றேன்.

"ஓடத்தான் நெனச்சேன் தம்பி. கைதான் வரமாட்டேன்னுருச்சு."

பயத்தில் கை மரத்துப்போனதைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.