ஊத்தை உரிக்க வந்த கப்பல்

கப்பல் முகவர் கந்தோரில் வேலை என்றால், கடலில் கால் நனைக்காமலே கடல்கடந்த ஏச்செல்லாம் வாங்கலாம். எங்கோ இருப்பவர் எடுத்த முடிவுக்கு இங்கே தொலைபேசியில் திட்டு வாங்குகிற சகபாவிகளே, திருகோணமலையிலிருந்து என் பங்கையும் கேளுங்கள்.

ஊர்ந்து வந்தது

கோதுமைக் கப்பல் சொன்ன நாளுக்கு வரவில்லை. வேகமாக ஓடினால் எண்ணெய் அதிகம் எரியும், புகை கூடும், புகை கூடினால் கப்பலுக்குப் போடும் சுற்றுச்சூழல் மதிப்பெண் இறங்கும். அதனால் ஊர்ந்து வருகிறதாம். சரக்கு இறக்குபவர்களின் தலைவர், மூதூர் நசீர் நானா, இறங்குதுறையில் ஆட்களோடு காத்து நின்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கப்பலுக்கு மார்க் போடுறாங்க, சரி புள்ள. இங்க காஞ்சு கிடக்கிற எங்களுக்கு ஆரு மார்க் போடுற?"

ஊத்தை

ஒருவழியாக வந்த கப்பலின் அடியெல்லாம் பாசியும் சிப்பியும். அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு ஓடினால் எண்ணெய் வீணாகும். அடுத்த துறைமுகமோ அழுக்கு அடியோடு வரும் கப்பலை உள்ளே விடாது. அங்கே சுத்தம் செய்யச் செலவு அதிகம். கப்பல் கம்பனிக்காரர் என்னை அழைத்தார்: குடாவுக்குள்ளேயே சத்தமில்லாமல் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போகும். அது அனுமதியில்லாத வேலை. சுரண்டினால், பாசி பிடிக்காமலிருக்க அடியில் பூசிய நச்சுப் பெயின்ற்றும் சேர்ந்து தண்ணீரில் விழும். "ஏலாது" என்றேன். உடனே எனக்குத் தெரியாமல் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் இருக்கும் சுழியோடி சிவராசா அண்ணையைப் பிடித்தார்கள். அவர் நேரே கந்தோருக்கு வந்து, கதிரையில்கூட இருக்காமல் கத்தினார்:

"தங்கச்சி, அங்க வடிவாப் போறதுக்கு ஊத்தையை எங்கட கடலிலயோ உரிக்கிறது? வேற ஆளைப் பாக்கட்டும்! இல்ல, வேற ஆளும் வரமாட்டான், நான் விடமாட்டன்!"

வராத கப்பல்

கப்பல் ஊத்தையோடேயே போனது. கம்பனிக்காரர் மிரட்டியபடியே செய்தார்கள். அடுத்த கோதுமைக் கப்பல் வேறு துறைமுகத்துக்குத் திரும்பியது. எங்கள் கந்தோர் முதலாளி தலையில் கை வைத்து, "நீரே போய் நானாட்டச் சொல்லும்" என்றார். பயந்துகொண்டுதான் போனேன். வேலை போனது நானாவின் ஆட்களுக்கு. "ஏலாது" சொன்னது நான். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்ற கொழுப்பும் கூடவே வந்தது. நானா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"கோவம் இருக்கு புள்ள, மறைக்கல்ல. ஆனா நீங்க ஓம் எண்டிருந்தா இதவிடக் கோவம் வந்திருக்கும். என்ட தம்பி இந்தக் குடாவுலதான் வல போடுறான்."

கப்பல் எந்த வழியால் போவது என்பதை எண்ணெய்ச் செலவும் சட்டமும் முடிவு செய்யட்டும். எங்கள் குடாவைக் குளியலறையாக்க மட்டும் இந்தச் சம்பளக்காரியிடம் சம்மதம் கிடைக்காது.