பகலில் காலி என்று எழுதப்பட்ட அறைகள்

மேனேஜர் சார், சி பிளாக்கில் தூங்கிக்கொண்டிருந்த ஆட்களின் குளிரை எடுத்து விற்றது நீங்கள்தான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் ஒரு தாள்கூட ஒட்டவில்லை.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். மஸ்கட்டில், ரூவி கடைத்தெருவிலிருந்து அரைமணி நேர பஸ் தூரத்தில், கட்டட வேலையாட்கள் தங்கும் எங்கள் கேம்ப். நான் அங்கே ஏசி மெக்கானிக். இந்தக் கோடை தொடங்கியதும் சி பிளாக்கில் ஒரு விசித்திரம். மதியம் ஒரு மணி ஆனால் காற்று வரும், குளிர் வராது. நாலு மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். ஃபில்டரைக் கழுவினேன், கேஸ் பார்த்தேன், காயிலைத் துடைத்தேன். எதிலும் குறையில்லை.

"அண்ணே, நீங்க ஏசி மெக்கானிக்கா, ஃபேன் மெக்கானிக்கா?" என்று கேட்டான் வீரமணி. விருதுநகர்ப் பக்கத்துப் பையன், சாரம் கட்டுபவன். கோடையில் மதிய வெயிலில் வெளிவேலை கூடாதென்று இங்கே சட்டம். அதனால் கம்பெனி பாதிப்பேரை நைட் டியூட்டிக்கு மாற்றிவிட்டது. சி பிளாக்கில் தங்கும் அவர்களுக்குப் பகல்தான் இரவு. லீவில் இருப்பவன்கூட அந்த அறைக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பான். குளிர் நின்ற பிறகு, முதலில் விழித்தவன் லுங்கியை நனைத்து அடுத்தவன் நெஞ்சில் போட்டுவிடுவான். அம்மா செய்வதை இவர்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் காலை வீரமணி கையில் கட்டோடு வந்தான். விடியும் நேரத்தில் சாரத்தின் மேல் கண் சொருகிவிட்டது. கால் தவறியது. இடுப்பு பெல்ட்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறது. "இன்னொரு தடவ கண்ணசந்தா கலாஸ், ஊருக்கு டிக்கெட்டுன்னுட்டான் ஃபோர்மேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மதியம் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தேன். சரியாக ஒரு மணிக்குச் சுவரில் இருந்த சின்னப் பெட்டி 'டக்' என்றது. இரண்டு கம்ப்ரஸரில் ஒன்று நின்றது; அந்த வெயிலுக்கு மற்றது போதாது. குளிர்காலத்தில் யாரோ வந்து மாட்டிய பெட்டி அது. மீட்டர் என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

சலீம் என்ற ஓமானி இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர். உடைந்த இந்தியில் பொறுமையாக விளக்கினார். மதியம் ஊர் முழுக்க ஏசி ஓடுகிறது. அப்போது மொத்தச் சந்தையில் மின்சாரத்தின் விலை ஏறுகிறது. இன்னொரு மின்நிலையத்தை ஓட்டுவதைவிட, இருக்கிற கட்டடங்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் மலிவு. அவருடைய கம்பெனி பல கட்டடங்களைச் சேர்த்து, குறைத்த மின்சாரத்தை உற்பத்தி செய்த மின்சாரம்போலச் சந்தையில் விற்கிறது; கிடைப்பதில் ஒரு பங்கைக் கட்டடக்காரருக்குத் தருகிறது. "உன் கேம்பும் ஒரு குட்டி பவர் ஸ்டேஷன், பாய்" என்றார் பெருமையாக.

"அங்க ஆளு தூங்குறான் சாப்" என்றேன்.

"அச்சா. தூங்குறவனுக்கு லைட் வேண்டாமே. நல்லதுதானே?"

அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனேன். கதவைத் திறந்தேன். ஆறு கட்டில், ஆறு ஈர லுங்கி. சலீம் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பிறகு போனில் ஒரு தாளைக் காட்டினார். 'சி பிளாக், பகலில் காலி.' கீழே உங்கள் கையெழுத்து, சார். அதற்கும் கீழே, தகவல் தந்தவர் என்று என் பெயர்.

ஞாபகம் வந்தது. ஜனவரியில் அந்தப் பெட்டியை மாட்ட வந்தவர், மதியம் அறைகளில் யாராவது இருப்பார்களா என்று கேட்டார். "மாஃபி, யாருமில்ல, எல்லாரும் சைட்டு" என்றேன். ஜனவரியில் அது உண்மை. கோடையில் ஆட்களைப் பகலில் தூங்க வைத்தது நீங்கள். தாளை மாற்றாமல் விட்டதும் நீங்கள்.

என் பங்கை நான் வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வீரமணிதான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப குளிர நிறுத்துனது நீங்கதானா? நல்லவேளைண்ணே, ஒங்களுக்கு வேல தெரியலையோன்னுல்ல பயந்து கெடந்தோம்." கட்டுப்போட்ட கையாலேயே எனக்குத் தட்டில் சோறு வைத்தான்.

திட்டம் கெட்டதென்று நான் சொல்லவில்லை. மெஸ் ஹால் மதியம் காலிதான், அங்கே நிறுத்துங்கள். தண்ணீர் மோட்டாரைக் காலையிலேயே ஓட்டிவிடலாம். உங்கள் ஆபீஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கேயும் குறைக்கலாம். உங்கள் கையெழுத்து இருந்தால் இன்றே சி பிளாக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்கிறார் சலீம். நீங்களோ இது டெக்னிக்கல் விஷயம், உனக்குப் புரியாது என்கிறீர்கள்.

நேற்று புதுக்கோட்டைப் பக்கத்து என் வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். "நாளைக்குக் கரண்டு இருக்காதுங்க. பேப்பர்ல நம்ம ஊரு பேரு போட்டுருக்கு. ஒம்போது மணிக்குள்ள மாவாட்டிரணும்." அந்த மின்தடைப் பட்டியலைப் பார்த்து எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இப்போது பொறாமையாக இருக்கிறது. நிறுத்துகிறவன் அங்கே ஊர்ப் பெயரை முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துகிறான். அங்கே ரேஷன் கார்டில் என் பெயர் இருக்கிறது, நான் இல்லை. இங்கே நான் இருக்கிறேன், உங்கள் தாளில் அறை காலி.

வருகிற வெள்ளிக்கிழமை மெஸ்ஸுக்கு வாருங்கள், சார். வீரமணி முன்னால், எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்லுங்கள். மதியம் சி பிளாக்கில் ஆட்கள் இருக்கிறார்களா, இல்லையா?