ஆவணி பதினைந்தும் சிங்கம் பதினான்கும்

சிவதாணு பிள்ளைக்கு வாத்தியம் எதுவும் உருப்படியாக வாசிக்க வராது. இதை அவரே ஒளிக்காமல் சொல்லுவார். பத்துப் பேர் கொண்ட அவருடைய பாண்டு செட்டில் அவர் கையில் இருந்தது இரண்டு பித்தளைத் தட்டுகள். அதையும் கார்னெட் ஊதும் ஞானசிகாமணி தலையை ஆட்டும்போது மட்டும் தட்டினால் போதும். ஆனாலும் செட்டில் எல்லோரும் அவரை மானேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான வருஷம் செட் ஆரம்பித்ததிலிருந்து, வேலை இல்லாமல் பத்து நாள் சேர்ந்தாற்போல் யாரும் வீட்டில் உட்கார்ந்ததில்லை. அது அவருடைய சாமர்த்தியம்.

காலையில் குளித்துத் திருநீறு பூசினால் நேரே திருவனந்தபுரம் ஆரியசாலைத் தட்டான் கடைக்குப் போவார். எந்த வீட்டுக்குத் தாலி உருக்குகிறார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சுக்கூடம், அதற்கடுத்தது அக்கிரகாரத்து ஜோசியர் வீடு. பெண்ணுக்குத் தன் கல்யாணச் சேதி தெரிவதற்கு முன்னாலேயே சிவதாணு பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று கடைத்தெருவில் கேலி உண்டு. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் புதுப்பட நோட்டீஸ் கொடுக்கும் வண்டிக்கு முன்னால் செட்டை நடக்க விடுவார். தேர்தல் வந்தபோது மூன்று கட்சிக்கும் வாசித்தார். ஓட்டு யாருக்குப் போட்டார் என்று அவர் மனைவி பிச்சம்மாளுக்குக்கூடத் தெரியாது.

செட்டுக்குச் சொந்தப் பாட்டு என்று ஒன்றுமே கிடையாது. எல்லாம் சினிமாப் பாட்டுதான். புதுப்படம் வந்த அன்றே ஞானசிகாமணியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய், இரண்டு ஆட்டமும் இருந்து பார்ப்பார். ஞானசிகாமணி கிறிஸ்தவ சபைப் பாடகர் குழுவில் ஸ்வரம் எழுதப் பழகியவர். இருட்டில் முழங்காலில் காகிதத்தை வைத்துக் கிறுக்கிவிடுவார். நாலாம் நாள் அந்தப் பாட்டு ஊர்வலத்தில் கேட்கும். தமிழ் வீட்டுக்குத் தமிழ், நாயர் வீட்டுக்கு மலையாளம், கல்லூரிப் பையன்களுக்கு இந்தி. அப்படிச் சேர்ந்த ஸ்வரத் தாள்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தன. கிழக்கே கோட்டையில் எதிர் செட் நடத்தும் குற்றாலலிங்கம் அந்தப் பெட்டிக்கு ஆசைப்படுகிறார் என்பது ஊரறிந்த சங்கதி. டிரம் அடிக்கிற ஒருவனை இழுத்துக்கொண்ட தகராறில் இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை.

சிவதாணு பிள்ளை எழுத்துப் பத்திரம் எதுவும் கேட்கமாட்டார். வெற்றிலை பாக்கைக் கையில் வைத்தால் சரி, அந்த நாள் அவர்களுடையது. வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் சபையார் இரண்டு பேர் இதைக் கேள்விப்பட்டு, வாடிய வெற்றிலையோடு மலையிறங்கி வந்தார்கள். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேதக்கோயிலில், சபை முழுக்கக் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை. அதற்கு முன் அங்கே பாண்டு வாசித்ததே இல்லையாம். அவர் வாங்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய மலையாள நாள்காட்டியைப் பார்த்து, சிங்கம் பதினான்கு என்று நோட்டில் குறித்தார்.

ஒரு வாரம் கழித்து, ஆரியசாலையில் மிளகு, சுக்கு மொத்த வியாபாரம் செய்யும் அழகியநம்பி பிள்ளை ஆள் அனுப்பினார். மூத்த மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலமாக வரும் பட்டணப் பிரவேசத்துக்குப் பாண்டு வேண்டும். தேதி ஆவணி பதினைந்து. சிவதாணு பிள்ளை ஓடிப்போய் வெற்றிலை வாங்கிக்கொண்டு, வந்த வேகத்தில் சிங்கம் பதினைந்துக்கு நேரே எழுதிவிட்டார். ஞாயிறு மலையில், திங்கள் ஊரில் என்று நினைத்தபோது மனசு குளிர்ந்து போயிற்று.

திருவனந்தபுரத்துத் தமிழன் இரண்டு நாள்காட்டிகளுக்கு நடுவில் குடியிருப்பவன். ஆவணியும் மலையாளத்தாரின் சிங்க மாதமும் ஒன்றுதான். பெரும்பாலும் ஒரே நாளில்தான் பிறக்கும். சில வருஷம் மட்டும் தமிழ் மாதம் ஒரு நாள் முந்திக்கொள்ளும். அது அப்படிப்பட்ட வருஷம். பிழைப்பே தேதி பார்ப்பதுதான் என்றிருந்த மனுஷர் இதை மறந்தது எப்படி என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பெரிய இடத்து வெற்றிலை கைக்கு வந்தால் யாருக்குமே கொஞ்சம் கண் மறைக்கத்தான் செய்யும்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. ஆவணி மாதம் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சிவதாணு பிள்ளை கிழமையை மூன்று தடவை படித்தார். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அழகியநம்பி பிள்ளை என்றால் ஒரு வீடு மட்டுமல்ல. ஆரியசாலைத் தமிழ் வியாபாரிகள் அத்தனை பேரும் அவர் போகிற வழியில் போகிறவர்கள். செட்டின் பாதி வருஷ வேலை அந்தக் கடைகளிலிருந்துதான் வந்தது. அவர் முகத்தைச் சுளித்தால் பங்குனி வரைக்கும் பத்துக் குடும்பமும் சும்மா இருக்க வேண்டியதுதான். செட்டைப் பாதியாகப் பிரிக்கலாமென்றால் கார்னெட் ஒன்றுதான். ஞானசிகாமணி தலையைத் தடவிக்கொண்டே, தானும் அந்தச் சபைக்காரன்தான் என்றாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, மானேஜருக்குக் காய்ச்சல் என்று மலைக்குச் சொல்லி அனுப்பிவிடலாம், அவர்கள் ஏழைகள், கோபித்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்றார். சிவதாணு பிள்ளைக்கும் அது சரியென்றுதான் பட்டது. தன் நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த பிச்சம்மாள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "மொதல்ல யாருகிட்ட வெத்தில வாங்குனிய?"

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முதலில் போனது குற்றாலலிங்கத்தின் வீட்டுக்கு. தகரப்பெட்டியைத் தலையில் சுமந்தே போனார். ஞாயிற்றுக்கிழமை பட்டணப் பிரவேசத்தை நீர் நடத்தித் தர வேண்டும், அந்த வீட்டார் கேட்ட பாட்டெல்லாம் இதில் இருக்கிறது என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து வைத்தார். ஞானசிகாமணியின் நாலு வருஷக் கிறுக்கல் மொத்தமும் அதில் இருந்தது. குற்றாலலிங்கம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டார். பிறகு ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அங்கிருந்து ஆரியசாலைக்கு நடந்தார். அழகியநம்பி பிள்ளை கடையில் மூட்டைகளுக்கு நடுவே இருந்தார். சிவதாணு பிள்ளை எதையும் சுற்றி வளைக்காமல் தேதியை மாற்றி எழுதியதைச் சொன்னார். மலைக்காரர்களுக்கு முதலில் வாக்குக் கொடுத்ததையும், குற்றாலலிங்கத்தை ஏற்பாடு செய்ததையும் சொன்னார். அழகியநம்பி பிள்ளை கேட்டுக்கொண்டே ஒரு பிடி மிளகை எடுத்து முகர்ந்து பார்த்தார். சரி என்ற ஒரு சொல்லோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் மழை தூறியது. தோட்டத்து ஜனங்கள் பாண்டின் பின்னால் பாதை முழுக்க நடந்தார்கள். எலிசாள் என்று ஒரு கொழுந்து கிள்ளுகிறவள், பெரிய டிரம்மின் தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஞானசிகாமணி வயிற்றை மறந்து ஊதினார். சாயங்காலம் அசனச் சாப்பாட்டில் சிவதாணு பிள்ளைக்கு இரண்டாந்தரம் சோறு போட்டார்கள். அவருக்குத்தான் இறங்கவில்லை. ஆரியசாலையில் இந்நேரம் மாப்பிள்ளை காரில் ஏறியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே பிசைந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை கடையிலிருந்து ஆள் வந்தது. போய் நின்றார். அழகியநம்பி பிள்ளை கல்யாணம் நன்றாக நடந்தது என்றார். குற்றாலலிங்கம் கேட்ட பாட்டெல்லாம் வாசித்தான், ஆனால் அவன் போன ஓட்டத்துக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா மூச்சு வாங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டார் என்றார். பிறகு கணக்கப்பிள்ளையை அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

"வே, எனக்கு இன்னொருத்தி இருக்கா. இப்பம் எட்டாம் கிளாஸ் படிக்கா. மாப்பிள்ள பாக்கவே இன்னும் ஆறேழு வருசம் ஆகும்."

சிவதாணு பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அந்தக் கல்யாணத்துக்கு நீருதான் வாசிக்கணும். தேதி எதுவானாலும் சரி. இந்த மட்டம் நான்தான் மொதல்ல சொல்லுதேன், கேட்டீரா? எனக்கு முந்தி எவனும் இருக்கப்பிடாது."

சிவதாணு பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது. சரி அண்ணாச்சி என்று தலையை ஆட்டினார். கடைப்படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் யோசனை வந்தது. ஆறேழு வருஷத்துக்கு இனிச் செட்டைக் கலைக்க முடியாது. முன்பல் போனால் கார்னெட் ஊத வராது, ஞானசிகாமணியிடம் பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.