சின்னப்பொண்ணு என்ன கேஸ்?

போன வாரம் கையில் வந்த கட்டிக்கு மருந்து போட அரூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சித்தேரி மலைக்காரர், பெயர் சடையன். கீழே பாயில் அவர் மனைவி சின்னப்பொண்ணு. நிறைமாதம். முந்தின நாளே வலி எடுத்தும் பிள்ளை பிறக்கவில்லை. மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள்.

லேடி டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"சீரியஸ் கேஸ். மத்த கேஸெல்லாம் இருக்கட்டும், இதை உடனே உள்ளே கொண்டு வா" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

சடையன் எழுந்தார். குனிந்து மனைவியைத் தூக்கினார். உள்ளே கொண்டுபோகத்தான் என்று நினைத்தேன்... அவர் திரும்பியது வாசல் பக்கம்!

"எங்கே போறீங்க?"

"ஊருக்குங்க. கேஸ் போடறாங்களாமே... காட்டுல கடுக்காய் பொறுக்குனதுக்கு எங்கண்ணன் மேல கேஸ் போட்டாங்க. ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வரலீங்க. இவ என்னங்க பண்ணுனா?"

"இது அந்தக் கேஸ் இல்லீங்க. ஆஸ்பத்திரியில வைத்தியத்துக்கு வர்றவங்களைக் கேஸ்னு சொல்லுவாங்க."

"மனுசிய எதுக்குங்க அப்படிச் சொல்லணும்?"

என் மூக்குக்கண்ணாடி வைக்கிற டப்பாவும் கேஸ்தான் — அதைச் சொல்லி என்ன பயன்?

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார். விஷயம் கேட்ட டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை.

"உன் பேர் என்னம்மா?"

"சின்னப்பொண்ணுங்க."

டாக்டர் சடையனைப் பார்த்தார். "சின்னப்பொண்ணை இப்பக் கூட்டிட்டுப் போனா ரெண்டு உசிரும் வழியிலேயே போயிடும். போலீஸ் யாரும் வரமாட்டாங்க. நீங்க கதவுகிட்டயே நில்லுங்க."

சடையன் அசையவில்லை. சின்னப்பொண்ணுதான் பேசினாள்.

"என்னை எறக்கி வுடு. நான் இங்கயே இருக்கறேன்."

இறக்கிவிட்டார். அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள்.

வக்கீலுக்கு ஒரு கேஸ், டாக்டருக்கு ஒரு கேஸ். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இடத்துக்கு ஏற்ற அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம். சடையனுக்கு அந்த வசதி ஏது? எந்த அர்த்தத்தில் அடிபட்டாரோ, அதுதான் அவருக்கு அர்த்தம்.

கட்டுப் போட்டு முடிந்தும் எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார். சடையன் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கேஸ் முடிஞ்சிருச்சுங்களா? இனி நாங்க போலாமுங்களா?"