நேசபாய்க்கு நான் சொல்லாமல் விட்டது

1932-ம் வருஷம் ஆடி மாதம் நான் பட்ட பாட்டை இன்றும் மறக்க முடியவில்லை. சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு என் பொறுப்பில் இருந்தது. நர்ஸ் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு அங்கே வேலை பழக்குவதும் நான்தான். ஏழாம் வகுப்பு படித்தவள் நான். ஒரு பிள்ளையைக் கண்டித்துப் பேச எனக்கு நா எழாது. அவர்கள் தப்பாகச் செய்ததை, அவர்கள் நகர்ந்த பிறகு நானே சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவேன். அதைத் தயவு என்றே நினைத்திருந்தேன்.

"அக்காவுக்கு வாய் சோறு தின்ன மட்டுமாக்கும்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த வருஷம் சிதறால் பக்கத்திலிருந்து நேசபாய் என்ற பெண் வந்தாள். தகப்பன் இல்லாதவள். கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி. ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களின் படுக்கையில் சூட்டுக்காக வெந்நீர்ச் சீசா வைப்போம். மயக்கத்தில் இருப்பவருக்குச் சுடுவது தெரியாது. அதனால் சீசாவுக்குக் கம்பளி உறை போட வேண்டும். நேசபாய் போடவில்லை. நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் அவள் போன பிறகு நானே போட்டேன். சீசாவை எடுப்பது வேறொரு பிள்ளையின் வேலை. ஆகையால் அந்த உறையை நேசபாய் கண்டதேயில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை முட்டத்து லூர்தம்மாளுக்கு வயிற்றில் ஆபரேஷன். மீன்கடவத்தைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்கிறவர். அவரைப் படுக்கையில் கிடத்தும் நேரத்தில் என்னைப் பிரசவ அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் திரும்பியபோது மயக்கம் தெளிந்து அவர் அலறிக்கொண்டிருந்தார். உறையில்லாத சீசா பட்டு, குதிகால் வெந்து தோல் உரிந்திருந்தது.

"வயித்தக் கீறணும்னு சொல்லிட்டு எனக்க காலை அவிச்சு வெச்சிருக்கியளே, ஏட்டி! இனி எப்பிடி நடந்து மீன் விப்பேன்?"

நேசபாய் சுவரோடு ஒட்டி நின்றாள். "எப்பவும் வெச்ச மாதிரித்தான் வெச்சேன், அக்கா. இதுவரை யாருக்கும் ஒண்ணும் ஆகலியே."

அவள் என்னையே பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன்.

அவள் படிப்பை நிறுத்தி, வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று மேட்ரன் அம்மா தீர்மானித்தார்கள்.

துணி அறையின் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். "கர்த்தாவே, அந்தக் கால் ஆறட்டும்" என்று மட்டும் கேட்டேன். கால் ஆறினால் நான் எதுவும் பேச வேண்டியதில்லை என்ற எண்ணம். புதன் போயிற்று. வியாழன் போயிற்று. புண் கறுத்துச் சீழ் வைத்தது. நேசபாய் தன் பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்தேன். தேவன் என்னைக் கைவிட்டார் என்றே நினைத்தேன். செத்தால் நல்லது என்றும் தோன்றியது.

வெள்ளி மதியம் மறுபடியும் முழங்காலில் நின்றேன். வார்த்தை வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. கடைசியில், "என் வாயைத் திறந்தருளும்" என்றேன். எழுந்து நேரே மேட்ரன் அம்மாவின் அறைக்குப் போனேன். என் சொந்தப் பலத்தால் போனேன் என்று சொல்ல மாட்டேன்.

"நாலு தடவை நான் உறை போட்டேன், அம்மா. அவளுக்கு ஒரு தடவையும் சொல்லல்ல. தப்பு எனக்குள்ளதாக்கும்."

அவர்கள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்கள். பிறகு, "நீ அந்தப் பெண்ணைக் கண்ணைக் கட்டி நடக்க விட்டிருக்கிறாய்" என்றார்கள். அது நெஞ்சில் தைத்தது. ஆறு மாதம் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நேசபாயை அனுப்பவில்லை.

லூர்தம்மாளிடமும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை, "என்னைச் சுட்டவளே வந்து மருந்து கெட்டட்டும்" என்றார். நேசபாய் மருந்துத் துணியோடு வந்ததும், "பாத்துக் கெட்டு பிள்ளே, மத்த காலையாவது விட்டு வை" என்றார்.

புண் ஆறக் கார்த்திகை ஆயிற்று. இன்னும் கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறார். அதைக் காணும்போதெல்லாம் என் மனம் உடைகிறது. கர்த்தர் அந்த நொண்டலை எடுத்துப்போடவில்லை. ஆனால் நேசபாய் படித்து முடித்து நர்ஸாக வேலை செய்கிறாள்.

இப்போது பிள்ளைகள் தப்பு செய்தால் முகத்துக்கு முன்னே சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஜெபித்துத்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் தவிக்கிற சகோதரிகளே, அவரை நம்பிக் கேளுங்கள். என் போன்ற ஊமைக்கும் அவர் வாய் கொடுத்தார், அவருக்கே ஸ்தோத்திரம். நான் மூன்று நாள் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.