ஊர்ச்சங்கக் குரூப்பில் ஒரு மன்னிப்பு

எனக்குக் கதைக்கத் தெரியாது என்பதை என் மனைவி கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லியும் வருகிறாள். நான் மறுத்தது கிடையாது. மறுப்பதற்கும் கதைக்க வேண்டுமே.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. லண்டனுக்கு வந்து பதினெட்டு வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்தேன். மகள் பள்ளிக்கூடம் போகும்போது நான் படுப்பேன், அவள் படுக்கும்போது நான் ஜாக்கெட்டை மாட்டுவேன். "அப்பா நித்திரை" என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். லீவு நாட்களில் பாவம் அவள் டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டுக் கார்ட்டூன் பார்த்தாள். பகல் வேலை கிடைத்து நான் விழித்திருக்கத் தொடங்கியபோது, சத்தம் போடாமல் இருப்பது அவளுக்கும் பழகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணமாகிப் போயிருந்த மகளின் வயிற்றிலிருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் இறந்துபோனது. கேள்விப்பட்டதும் நானும் மனைவியும் இல்ஃபோர்டிலிருந்து நகரத்தின் மறுகோடிக்குக் காரில் ஓடினோம். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆரஞ்சு ஜூஸை மேசையில் வைத்தேன். ஹீட்டர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். அது சுட்டது. பதினோராவது நிமிடம், "பார்க்கிங் நேரம் முடியப்போகுது" என்று சொல்லிவிட்டு, மனைவியை அன்றிரவு அவளோடு தங்கவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகும் அவள் வீட்டுக்கு வந்தாள், போனாள். என்னிடம் மட்டும் இரண்டே கேள்விதான். சாப்பிட்டீங்களா? பிறஷர் குளிசை போட்டீங்களா? இரண்டுக்கும் நான் ஓம் என்பேன். எங்கள் குடும்ப டாக்டரின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்கூட என்னிடம் இதைவிடக் கூடுதலாக விசாரிப்பாள்.

இந்த வருடம் மகள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். அடுத்த கிழமை ஆறாம் மாதம் தொடங்குகிறது. அவளுக்குப் பயம். சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது. "இந்த முறையாவது மகளோடை ஒரு வார்த்தை கதையுங்கோ" என்றாள் மனைவி. அதை ஒரு மாதமாக நாளுக்கு மூன்று தடவை சொன்னாள், என் குளிசையைப் போல.

நேரில் கதைக்க என்னால் ஏலாது. ஆகவே ஒரு சனிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போன சமயம், கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் சொல்ல வேண்டியதை எழுதி, நாலு தரம் வாசித்துப் பழகி, வாய்ஸ் மெசேஜாக அனுப்பத் துணிந்தேன். போனில் மகளின் பெயரைத் தொடப்போன அந்தக் கணத்தில் எங்கள் ஊர்ச்சங்கக் குரூப்பில் யாரோ ஒருவர் மரண அறிவித்தல் போட்டார். குரூப் மேலே ஏறி வந்து என் பெருவிரலுக்குக் கீழே நின்றுகொண்டது. நான் கண்ணாடி போடவில்லை. மகளிடம் சொல்வதாக நினைத்து இருநூறு பேருக்குச் சொன்னேன்.

"பிள்ளை, நான் அண்டைக்கு வீட்டை போகேல்லை. காருக்குள்ளை போய் இருந்தனான். ரெண்டு மணித்தியாலம். கார் எடுக்க ஏலாமல் போச்சு. பார்க்கிங் ஃபைனும் அடிச்சிட்டான். உன்னட்டைத் திரும்பி வர எனக்குத் தெரியேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

முதல் பதில் அரை நிமிடத்தில் வந்தது. ஆழ்ந்த அனுதாபங்கள். எங்கள் குரூப்பில் ஒருவர் நீளமாகப் பேசினால் அது சாவாகத்தான் இருக்கும் என்று கேட்காமலே போட்டிருக்கிறார். அவரைப் பார்த்து இன்னும் பதினான்கு பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். ஒருவர் ஈமக்கிரியை எப்போது என்று கேட்டார். எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியாது. வெட்கத்தில் போனைச் சோபாத் தலையணைக்குக் கீழே வைத்தேன், அது அங்கே கிடந்து துடித்தது.

கடைசியில் வட லண்டன் எட்மண்டனிலிருந்து ஒருவர் அழைத்தார். சங்கக் கூட்டங்களில் தேநீரைப் பற்றி மட்டும் பேசுகிற மனிதர். கொஞ்ச நேரம் செருமினார்.

"அண்ணை, உந்த மெசேஜை என்ரை மகனுக்கு அனுப்பினால் குறை நினைப்பீங்களோ? நீங்கள் பேர் ஒண்டும் சொல்லேல்லைத்தானே."

ஆனால் காருக்குள் இருந்தது நானல்லவா என்றேன். "நானும் எங்கையாவது இருந்திருப்பன்" என்றார் அவர். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. அவரைப் போல இன்னும் எத்தனை பேர் கேட்காமலே அனுப்பினார்களோ தெரியாது. மத்தியானத்துக்குள் என் மன்னிப்பு லண்டன் முழுக்கப் பல அப்பாக்களின் மன்னிப்பாகிவிட்டது. கோயிலிலிருந்து வந்த மனைவிக்கு அங்கே சப்பாத்து வைக்குமிடத்திலேயே யாரோ போட்டுக் காட்டியிருந்தார்கள். அவள் எனக்கு முன்னால் தேநீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். அது அவளுடைய வழக்கமே இல்லை.

நாலு மணிக்கு என் போனில் மகள். யாரோ ஒரு சிநேகிதி, தன் தகப்பன் தனக்கு அனுப்பியது என்று அவளுக்கு அனுப்பியிருக்கிறாள்.

"அப்பா, இது உங்கட வொய்ஸ்தானே?"

ஓம் என்றேன்.

"ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறீங்கள். எனக்கு மட்டும் நீங்கள் அனுப்பேல்லை."

மரண அறிவித்தல் வந்ததையும் பெருவிரலையும் விளக்கினேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப எனக்குச் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

கவுன்சில் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த வசனங்களை இருநூறு பேர் கேட்டு முடித்திருந்தார்கள், அவளுக்கென்று ஒன்றும் மிச்சமில்லை. கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். எழுதாத ஒன்று வாயில் வந்தது.

"பிள்ளை, நீங்கள் அந்தப் பிள்ளைக்குப் பேர் ஏதும் வைச்சிருந்தனீங்களோ?"

இதை இதுவரை ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லை என்றாள். பிறகு அந்தப் பெயரைச் சொன்னாள். சரியாகத்தான் கேட்டேனா என்று நானும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். அவள் அழத் தொடங்கினாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.