ராட்டினத்தின் உச்சியில் தெரிந்த கப்பல்

அந்தமான் படாக் மரத்தூளில் டீசல் சொட்டி ஊறினால் ஒரு வாசனை எழும். பாதி மருந்துக்கடை, பாதி இரும்புப் பட்டறை. மூக்கில் ஏறிய உடனே தொண்டைக்குள் ஒரு கசப்பு இறங்கும். போர்ட் பிளேயரில் நான் சிறுமியாக இருந்த அறுபதுகளின் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு தை மாதத்தில், அபர்டீன் பஜாருக்குக் கீழே கடலை ஒட்டியிருந்த மைதானத்தில் 'மேளா' போட்டார்கள். சேறு காயாத தரை முழுவதும் மரம் அறுக்கும் ஆலையிலிருந்து லாரியில் சிவப்புத் தூளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதன் மேல் ராட்டினத்து எஞ்சின் நாளெல்லாம் எண்ணெய் சிந்திக்கொண்டே ஓடியது. அந்த வாசனையை நினைத்தால் இன்றும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து வாசல் வரைக்குமாவது நடந்துவிட்டு வர வேண்டும்.

அந்த மேளாவே கப்பலில் வந்ததுதான். எங்கள் அப்பா தூத்துக்குடிக்காரர், அரசாங்கப் படகுப் பட்டறையில் ஃபிட்டர். கப்பல் அணையும் ஜெட்டியில் கிரேன் இறக்கிப் போட்ட நீள நீளமான இரும்புக் கால்களையும், வர்ணம் உரிந்த மரக்குதிரைகளையும் அவர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்ன சாயங்காலத்திலிருந்து, டாலிகஞ்சில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு பிள்ளைக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ரயிலையே பார்க்காத பிள்ளைகள் நாங்கள். பெரிய ராட்டினத்தை 'ஜூலா' என்றுதான் எல்லோரும் சொன்னோம். தமிழ், வங்காளி, தெலுங்கு, மலையாளம் என்று வீட்டுக்கொரு பாஷை இருந்தாலும் தெருவில் இறங்கிவிட்டால் எங்களுக்கு இந்திதான்.

ஆனால் எங்கள் வீட்டில் மட்டும் அந்த இருப்புக்கொள்ளாமைக்கு வேறு காரணம் இருந்தது. அம்மா வீட்டில் இல்லை. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உடம்புக்கு ஏதோ ஆகி, இங்கே வைத்துப் பார்ப்பது சரிவராது, 'மெயின்லேண்ட்' போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தூத்துக்குடிக்குப் போகும் தெரிந்த குடும்பம் ஒன்றோடு அம்மாவை மெட்ராஸ் கப்பலில் ஏற்றிவிட்டோம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கப்பல் வந்தால்தான் தபால்; தந்தி நல்லது கெட்டதுக்கு மட்டும். வந்த கப்பலிலும் எங்களுக்கு எதுவும் இல்லை.

எனக்கு ஒன்பது வயது. என் தங்கை பனிமயத்துக்கு நான்கு. பனி என்று கூப்பிடுவோம். துறைமுகத்தில் கப்பலின் சங்கு ஊதினால் போதும், அவள் எந்த விளையாட்டில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து என் முன்னால் முகத்தை நீட்டுவாள்.

"அம்மா வாராவ. பவுடர் போடு."

நானும் போட்டுவிடுவேன். வெள்ளை முகத்தோடு வாசற்படியில் உட்கார்ந்து இருட்டும் வரை சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு சோறு வேண்டாம் என்பாள். அப்பா வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடப்பார். மரத்தால் ஆன தரை, அவர் நடக்க நடக்க முனகிக்கொண்டே இருக்கும்.

எங்களைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டு மாலதி மாசி; மாசி என்றால் வங்காளியில் சித்தி. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து இங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம். மாசியின் புருஷன் தச்சர். மாசியின் பிள்ளைகள் வளர்ந்து வடக்கே திக்லிபூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலை பின்னிவிடுவதும் மீன் குழம்பு கொண்டுவந்து வைப்பதும் மாசிதான். எங்களோடு பேசிப் பேசி, இந்தியும் தமிழும் கலந்த ஒரு பாஷையை அவர் தனக்கென்று உண்டாக்கி வைத்திருந்தார். அப்பாவை அண்ணன் முறையில் 'தாதா' என்பார், அப்பா அவரை அக்காவாக்கி 'தீதி' என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலுக்குப் போய்வந்த கையோடு, "இன்னைக்கு மேளாவுக்குப் போவோம்ட்டி, நீயும் பனியும் ரெண்டு பேரும்தான்," என்று அப்பா சொன்னார். நான் குதித்தேன். வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்த மாசி அப்படியே நின்றுவிட்டார்.

"தாதா, பெரியது போகட்டும். சோட்டி ஏன்? சார் சால் கா பச்சி, நாலு வயசு. கூட்டம், சத்தம். அதுக்கு அங்க என்ன இருக்கு?"

"மனசு மாறும்லா தீதி. எந்நேரமும் அந்தச் சங்கையே கேட்டுக்கிட்டு இருக்கா. நாலு வேடிக்கை பாத்தா மறந்துருவா."

"மறக்காது. பயந்துக்கும்."

"அப்பன் நான் கூடப் போறேன், அக்காளும் இருக்கா. என்ன பயம்?"

மாசி ஈரத்துணியை உதறிக்கொண்டே தமக்குள் வங்காளியில் ஏதோ சொன்னார். பிறகு, தாமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனார்.

மேளாவுக்குள் நுழைந்ததுமே பனி என் பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்தில் மேளா எப்படித் தெரியும் என்பதை அன்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. எனக்கு வளையல் கடையும், பொரிந்துகொண்டிருக்கும் ஜிலேபியும், மரணக் கிணற்றின் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவனின் படமும் தெரிந்தன. அவளுக்குத் தெரிந்தது முழங்கால்கள். முழங்கால்கள், பைகள், மிதிபட்ட மரத்தூள். ஒலிபெருக்கி அலறும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்பா ஒரு காகிதக் காற்றாடி வாங்கிக் கொடுத்தார். அதைக் கையில் பிடித்தாளே தவிர ஊதவில்லை. மரக்குதிரையில் ஏற்றியபோது விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"இறக்கிடு தாதா," என்றார் மாசி.

"இருங்க தீதி. பழகணும்லா."

அப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு பிடிவாதம் இருந்தது. எப்படியாவது இந்தப் பிள்ளையை இன்றைக்குச் சந்தோஷப்படுத்தியே தீர வேண்டும் என்பதுபோல ஒவ்வொரு கூடாரமாக எங்களை இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் பெரிய ஜூலாவின் முன்னால் போய் நின்றோம்.

எஞ்சினை ஓட்டுகிற ஆள் பனியைப் பார்த்துவிட்டு, "சோட்டா பச்சா?" என்று இழுத்தான். அப்பா, "மேரே சாத் ஹை," என்னோடுதான் இருக்கிறாள் என்று சொல்லி ஏறிவிட்டார். மரப்பெட்டிக்குள் ஒரு ஓரத்தில் அப்பா, மறு ஓரத்தில் நான், நடுவில் பனி. குறுக்கே ஒரு இரும்புக் கம்பியைப் போட்டுக் கொக்கியை மாட்டினார்கள். பெரியவர்களின் நெஞ்சுக்கு நேராக வருகிற கம்பி. பனியின் தலைக்கு மேலே நின்றது. எங்களுக்கு அது தடுப்பு. அவளுக்கு அது திறந்த வாசல். மாசி கீழே எங்கள் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

முதல் சுற்றில் பனி மூச்சே விடவில்லை. அடுத்த சுற்றில், கீழே இறங்கும்போது வயிற்றுக்குள் கூசியிருக்க வேண்டும், களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெற்றி! "பாத்தியாட்டி? சிரிக்கா!" என்றார். மறுபடி உச்சிக்குப் போனோம். மேற்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடல் முழுக்கத் தகரம் போல மின்னியது. ராஸ் தீவுக்கு அப்பாலிருந்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், ஒரு கப்பல் மெல்லத் துறைமுகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"கப்பல்!" என்றாள் பனி. "அம்மா வாராவ! எறக்கு! என்னய எறக்கு!"

சொல்லிக்கொண்டே கம்பிக்கு அடியில் நழுவினாள். நான் அவள் கவுனைப் பிடித்தேன். தையல் விட்டுப் போய்த் துணி மட்டும் என் கையில் வந்தது. அவளுடைய ஒரு கால் பெட்டிக்கு வெளியே தொங்கியது. அப்பா குனிந்து அவள் மேல்கையைப் பற்றி இழுத்தார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் விடவில்லை. பெட்டி தாறுமாறாக ஆடியது. "நிப்பாட்டுங்கப்பா! நிப்பாட்டுங்க!" என்று அப்பா கத்தினார். இத்தனை வருஷம் பேசிய இந்தி அவருக்கு அந்த நேரத்தில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. தரைக்குப் பக்கத்தில் வந்தோம். நிற்காமல் மறுபடியும் மேலே ஏறினோம். பனி வீறிட்டாள். தரை கைக்கெட்டிய பிறகும் தன்னை ஏன் திரும்பத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

மேலே நடப்பதைப் புரிந்துகொண்டவர் மாசி மட்டும்தான். செருப்புகளைக் கீழே போட்டுவிட்டு, வரிசையைப் பிளந்துகொண்டு ஓடி, எஞ்சின்காரனின் சட்டையைக் கொத்தாகப் பற்றினார். "பந்த் கரோ! நிறுத்து! அபி பந்த் கரோ!" அவன் மற்ற பெட்டிகளைக் காட்டி ஏதோ சொன்னான். மாசி அவனைப் பிடித்து உலுக்கினார். எஞ்சின் இருமி நின்றது. எங்கள் பெட்டியைக் கையால் தள்ளித் தள்ளிக் கீழே கொண்டுவந்தார்கள்.

இறங்கிய பிறகு பனி அழவில்லை. கிழிந்த கவுனோடு என் முன்னால் வந்து முகத்தை நீட்டினாள்.

"பவுடர் போடு."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் பல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. துறைமுகத்தோடு பழகியவர் அவர். அது கல்கத்தாவிலிருந்து வரும் கப்பல் என்று தூரத்திலிருந்தே அவருக்குத் தெரியும். மெட்ராஸ் கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது.

"கர் சலோ தாதா. வீட்டுக்குப் போகலாம்," என்றார் மாசி.

"இல்ல தீதி. பிள்ளைக்குக் காட்டணும். காட்டலைன்னா ஒளிச்சு வச்சிட்டோம்னு நெனைப்பா."

ஜெட்டிக்குப் போனோம். விளக்குப் போடுகிற நேரத்தில் கப்பல் கரை சேர்ந்தது. அப்பா பனியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். ஏணிப்படி வழியாக ஆட்கள் இறங்கினார்கள். மூட்டைகளோடு வங்காளிக் குடும்பங்கள், பெட்டியைத் தலையில் வைத்த போலீஸ்காரர்கள், கைக்குழந்தைகளோடு பெண்கள். ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துப் பார்த்து, அடுத்த முகத்துக்கு அவள் தலை திரும்பியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஏணியில் ஒருவருமில்லை.

"முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

"இது கல்கத்தா கப்பல்மா. நம்ம கப்பல் வேற," என்றார் அப்பா.

"நம்ம கப்பல் எப்ப வரும்?"

அப்பா தோளிலிருந்து அவளை மெதுவாக இறக்கிவிட்டு, கப்பல் கயிறு சுற்றுகிற இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அம்மாவைப் பற்றித் தகவல் வராததை நினைத்து அவர் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மேளா யாருக்குத் தேவைப்பட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"மத் ரோ தாதா, அழாதீங்க. பச்சி பாக்குது," என்று மாசி மெல்ல அதட்டினார். பிறகு பனியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் அப்பாவும் பின்னால் போனோம்.

பனிக்குக் காய்ச்சல் வந்தது. தூக்கத்தில் "எறக்கு, எறக்கு" என்றாள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் மேளாவுக்குப் போய்வந்து கதை சொன்னார்கள். நாங்கள் அதற்கப்புறம் போகவில்லை. காய்ச்சல் விட்ட வாரத்தில் தந்தி வந்தது, ஆண் குழந்தை, இருவரும் நலம் என்று. அப்பா அதை மாசிக்கு இந்தியில் சொல்லப் போய், இந்தி வாய்க்கு வராமல் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அம்மா வந்து இறங்கியபோது மேளாக்காரர்கள் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மெலிந்து, கன்னம் ஒட்டி, கையில் தம்பியோடு வந்த அம்மாவைப் பார்த்ததும் பனி மாசியின் புடவைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எத்தனை சங்குக்கு ஓடிய பிள்ளை! கூப்பிட்டால் வரமாட்டாள். அம்மாவை 'அவங்க' என்றாள். தூங்குவதற்கு மாசி வீட்டுக்குப் போனாள். அம்மா சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்பா இந்தத் தடவை யாரையும் எங்கும் இழுத்துக்கொண்டு போகவில்லை. "விடு, அவளா வருவா," என்று மட்டும் சொன்னார்.

ஒரு மத்தியானம் அம்மா தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பனி கதவோரமாக வெகுநேரம் நின்றிருந்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"மெட்ராஸ் கப்பல்லம்மா."

"அதுதான் நம்ம கப்பல்," என்றாள். கிட்டே போய், தம்பியின் காலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அம்மாவின் மடியில் மீதமிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது சென்னையில் இருக்கும் என் மகன், போன வாரம் போனில் கேட்டான். ஊருக்கு வெளியே பெரிய தீம் பார்க் ஒன்று இருக்கிறதாம். நான்கு வயதுப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று. அங்கே உயரம் அளந்துதான் ஏற்றுவார்களாம். நல்லதுதான் என்றேன். எங்கள் மேளா மைதானத்தில் இன்று நடைபாதையும் அலங்கார விளக்குகளும் வந்துவிட்டன. மெயின்லேண்டுக்கு எல்லோரும் விமானத்தில் போய் வருகிறார்கள். வருகிறவர்களுக்காக ஜெட்டியில் காத்துக்கிடக்கும் கூட்டம் இல்லை. டாலிகஞ்சின் மரக் குவார்ட்டர்ஸை இடித்துச் சிமெண்டில் கட்டிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மாசி திக்லிபூரில் பிள்ளைகளிடம் போய் அங்கேயே காலமானார்.

பனியிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஜூலாவா? நானா? எனக்குத் தலை சுத்தும்க்கா, நான் ஒண்ணுலயும் ஏறினதே கெடையாது," என்றாள். கப்பலும் நினைவில்லை, ஜெட்டியும் நினைவில்லை. அம்மா ஊரில் இல்லாமல் இருந்த ஒரு காலம் இருந்தது என்பதையே அவள் நம்பவில்லை.

மகனுக்கு மறுநாள் போன் செய்தேன்.

"கூட்டிட்டுப் போ. ஆனா பிள்ளை எறக்குன்னு சொன்னா உடனே எறக்கிரு. ஏன் எதுக்குன்னு எல்லாம் கீழ வந்து கேட்டுக்கலாம்."